ஓப்பன் ஜீப்புக்கு வீட்லயே தச்ச மழை ஹூட் ஒழுகுதா? எங்க நனையுதுன்னு பார்த்து சரி பண்ற வழி

நான் கோத்தகிரி பக்கம் இருக்கேன், கையில இருக்கறது பழைய ஓப்பன் ஜீப், வாங்கும்போதே மேல டாப் கிடையாது, டாப் நிக்கிற கம்பி கூட கிடையாது. கேரட், பீட்ரூட் மூட்டைய ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கணும், திரும்பி ஏறும்போது பாதி நாள் மழை. ரெடிமேட் ஹூட், அதாவது மழைக்கு மேல மூடுற துணிக் கூரை, அதோட விலைய கேட்டுட்டு, லாரி தார்ப்பாய் துண்டு, ஜிஐ பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்), ஐலெட் (கட்டறதுக்கு துணி ஓட்டையில அடிக்கிற உலோக வளையம்), பழைய சீட் பெல்ட் பட்டை இதெல்லாம் வச்சு நானே ஒண்ணு தச்சேன். அதைப் பார்த்துட்டு அக்கம்பக்கத்துல கேட்டவங்களுக்கும் தச்சு கொடுத்தேன். ஒவ்வொரு மழைக்காலமும் அதே நாலஞ்சு கம்ப்ளைண்ட் திரும்பத் திரும்ப வரும், நானும் திரும்பத் திரும்ப அதையேதான் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன், அதனால எங்க நனையுதோ அதை வச்சு தேடுற மாதிரி இங்க எழுதி வைக்கறேன். ஹூட் எப்படி தைக்கறதுங்கறது இதுல இல்ல, தச்ச ஹூட் ஏன் சொல்பேச்சு கேக்கலங்கறது மட்டும்தான்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். நம்ம நீலகிரி மலையில ரெண்டு மழை இருக்கு, ரெண்டும் வேற வேற. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் பெய்யறது காத்தோட சாஞ்சு பக்கவாட்டுல அடிக்கிற மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர்ல வர்றதுதான் பெரிய மழை, அது பெரும்பாலும் தலைக்கு மேல நேரா கொட்டும். கோத்தகிரியில ஒரு சொட்டு விடாத ஹூட் கூடலூர் போனதும் ஒழுகுதுன்னா ஹூட் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, சைடு படுதா பத்தலன்னு அர்த்தம். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த மாதிரி மழைக்கு எந்த ஹூடும் கிடையாது, வண்டிய எடுக்காம இருக்கறது ஒண்ணுதான் வழி.

## எந்த கம்ப்ளைண்டா இருந்தாலும் முதல்ல இந்த டெஸ்ட்

சொட்டுற இடமும் தண்ணி நுழையிற இடமும் ஒண்ணு கிடையாது. இதை புரிஞ்சுக்காம சிலிக்கான் ட்யூப் வாங்கி கண்ட இடத்துல அப்பறதுலதான் எல்லாருக்கும் காசு போகுது, எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான் போச்சு. தண்ணி பின்னாடி தையல்ல நுழையும், கம்பி மேலயே வழிஞ்சு முன்னாடி வந்து உங்க மடியில சொட்டும், நீங்க கண்ணாடி ஓரத்தையே தடவிக்கிட்டு இருப்பீங்க.

ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ள டார்ச்சும் சாக்பீஸும் வச்சுக்கிட்டு உக்காரணும், ஒருத்தர் வெளிய மக் எடுத்துக்கணும். தண்ணிய எப்பவும் கீழ இருந்து மேல கொண்டு போகணும், இதுதான் இதுல ரகசியமே. முதல்ல பானட் பக்கம், கண்ணாடியோட அடிப்பக்கம் மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் ஊத்துங்க, உள்ள நனையலன்னா கண்ணாடி மேல் ஓரம், அப்புறம் சைடு, கடைசியாதான் மேல் கூரை. மேல இருந்து ஆரம்பிச்சா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சிடும், எது எங்க நுழைஞ்சதுன்னே தெரியாது. உள்ள இருக்கறவர் முதல் சொட்டு தெரியிற இடத்துல சாக்பீஸ்ல கோடு போடணும், அப்படியே விரலால அந்த ஈரத்தை மேல் நோக்கி தேடிக்கிட்டே போகணும்.

இன்னொரு டெஸ்ட் ராத்திரியில பண்றது. வண்டிக்குள்ள நல்ல வெளிச்சமா டார்ச்ச மேல பாத்து அடிச்சுட்டு வெளிய நின்னு பாருங்க, ஊசி ஓட்டை, தேஞ்ச இடம், ஐலெட் சுத்தி கிழிசல் எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரியும். பவுர்ணமி இல்லாத நாளா பாத்துக்கோங்க.

## மடியில சொட்டுது

### வண்டி நிக்கும்போதும் சொட்டுது

காசில்லாத காரணத்துல இருந்து பாப்போம். ஹூடோட முன் ஓரம் கண்ணாடி ஃபிரேமுக்கு மேல முடிஞ்சிடுதா, இல்ல ஃபிரேம தாண்டி முன்பக்கமா தொங்குதா? ஃபிரேம் மேலயே முடிஞ்சா எவ்வளவு இறுக்கி கட்டினாலும் தண்ணி உள்ளதான் வரும். மூணு விரல் அளவாவது வெளிய தொங்கணும். தொங்கலன்னா பின்பக்க கட்ட தளர்த்திட்டு முழு ஹூடையும் கொஞ்சம் முன்னாடி இழுத்துப் பாருங்க, பாதி பேருக்கு இதுலயே முடிஞ்சிடும்.

துணி பத்தலன்னா தனியா ஒரு பட்டை தச்சு சேர்க்கணும், சேர்க்கும்போது மேல் துணி மேலயும் பட்டை அடியிலயும் இருக்கணும், ஓடு வேயற மாதிரி. மாத்தி தச்சா அந்த மடிப்பே வாய்க்கால் ஆகிடும்.

அடுத்தது, துணிக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இடைவெளி. பழைய லாரி ட்யூப நீளமா ரெண்டு இஞ்ச் அகலத்துக்கு வெட்டி ஃபிரேம் மேல வச்சு அது மேல ஹூட இழுத்து கட்டினா சீல் மாதிரி உக்காந்துக்கும். ஸ்பாஞ்ச் வைக்காதீங்க, ஸ்பாஞ்ச் தண்ணிய குடிச்சு வச்சுக்கிட்டு மழை விட்ட பிறகும் சொட்டிக்கிட்டே இருக்கும், கீழ இருக்கற ஃபிரேமும் துரு பிடிக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் சொட்டுதுன்னா முன் கம்பி பின் கம்பிய விட தாழ்வா இருக்கான்னு பாருங்க. நடு கம்பிதான் உயரமா இருக்கணும், அங்கருந்து முன்னாடியும் பின்னாடியும் சரிவு. எல்லா தண்ணியும் முன்னாடியே வந்து சேர்ற மாதிரி சரிவு இருந்தா கண்ணாடி ஓரத்துக்கு அவ்வளவையும் தாங்க முடியாது.

### ஓடும்போது மட்டும் சொட்டுது

இது காத்து முன் ஓரத்தை தூக்கறது. நிக்கும்போது அழகா படிஞ்சு இருக்கும், 30, 40 வேகம் வந்ததும் ரெண்டு கட்டுக்கு நடுவுல துணி வாய் திறக்கும். இன்னொருத்தர ஓட்ட சொல்லிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து அந்த ஓரத்தையே பாருங்க, திறக்கறது கண்ணுக்கே தெரியும். கட்டுக்கும் கட்டுக்கும் ஒரு சாணுக்கு மேல இடைவெளி இருந்தா நடுவுல இன்னொரு ஐலெட் அடிங்க. அதுலயும் நிக்கலன்னா முன் ஓரத்த மடிச்சு தச்சு, அந்த மடிப்புக்குள்ள அலுமினியப் பட்டை ஒண்ண சொருகிட்டா ஓரம் வளையாம ஒரே கோடா படிஞ்சு நிக்கும், செலவும் பெருசா ஒண்ணும் ஆகாது.

## மடி காய்ஞ்சிருக்கு, ஆனா முழங்கால் நனையுது

ஹூட் மேல பழி போடறதுக்கு முன்னாடி இதை படிங்க. முழங்கால் நனைஞ்சா பத்துக்கு ஏழு தடவை ஹூட் காரணம் இல்ல.

கண்ணாடிய முன்னாடி மடக்கற ஜீப்ல, கண்ணாடி ஃபிரேமோட அடியில ஒரு ரப்பர் இருக்கும், ஃபிரேம் அது மேல அழுந்தி உக்காரணும். நாம ஹூடு தொய்யக்கூடாதுன்னு பின்பக்க பட்டைய உயிரைக் கொடுத்து இழுத்து கட்டறோம் பாருங்க, அந்த இழுப்பு கண்ணாடி ஃபிரேமையே பின்னாடி சாய்க்குது, அடி ரப்பர் முன்பக்கம் நூலளவு வாய் திறக்குது. எனக்கு இது தெரிய ரெண்டு மழைக்காலம் ஆச்சு. ஒரு பழைய விசிட்டிங் கார்டு எடுத்து வெளிய இருந்து அந்த ரப்பருக்கும் பாடிக்கும் நடுவுல சொருகிப் பாருங்க, ஹூட கழட்டிட்டு ஒரு தடவை, இறுக்கி கட்டிட்டு ஒரு தடவை. கழட்டினா நுழையல, கட்டினா நுழையுதுன்னா இதுதான் விஷயம். பட்டைய ஒரு ஓட்டை தளர்த்துங்க, கண்ணாடிய பிடிக்கிற ரெண்டு பக்க கிளாம்ப்ப டைட் பண்ணுங்க. ரப்பரே காஞ்சு வெடிச்சிருந்தா மீட்டர் கணக்குல பீடிங் வாங்கி மாத்திக்கலாம்.

அப்புறம் வைப்பர் தண்டு வெளிய வர்ற ஓட்டை, ஒயர் எல்லாம் உள்ள வர்ற ரப்பர் வாஷர், ரெண்டையும் விரல் வச்சு தடவிப் பாருங்க. ஒயர் கட்டு மேலயே தண்ணி வழிஞ்சு ஃபியூஸ் பக்கம் போகுதுன்னா அத நீங்களே டேப் சுத்தி மூடாதீங்க, எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. கண்ணாடி ஃபிரேம் அடியிலயே துரு பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா டிங்கர் வேலை, வேற வழியில்ல.

## நடுவுல தொப்பை போட்டு தண்ணி தேங்குது

ஒரு சதுர மீட்டர் இடத்துல மூணு செண்டிமீட்டர் தேங்கினா 30 லிட்டர், அதாவது 30 கிலோ. அதை தலைக்கு மேல வச்சுக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல திருப்பினா மொத்தமா ஒரு பக்கம் ஓடும், அந்தப் பக்கம் யார் உக்காந்திருக்காங்களோ அவங்க மேல குடம் கவுத்த மாதிரி கொட்டும். எங்க வீட்ல அம்மா ஒரு தடவை குன்னூர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது அப்படி நனைஞ்சாங்க, அன்னைக்கு ராத்திரியே கம்பி வேலைய ஆரம்பிச்சேன்.

முதல்ல வண்டிய சமமான இடத்துல நிறுத்தி ஒரு பக்கெட் தண்ணிய மெதுவா மேல ஊத்துங்க. எல்லாம் வழிஞ்சு ஓடிடுச்சா, எங்க நிக்குது, எவ்வளவு நிக்குதுன்னு பாருங்க.

கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல நின்னா துணி தொய்வு. மழையில நைலான் கயிறு நனைஞ்சா நீளும், அதனால நைலான் கயித்துல கட்டினவங்களுக்கு மழை வந்த பிறகுதான் தொப்பையே விழும். கயித்த எடுத்துட்டு பக்கிள் வச்ச பட்டை போடுங்க. அதுக்கும் அடங்கலன்னா துணிக்கு அடியில கம்பியில இருந்து கம்பிக்கு நீளவாக்குல ரெண்டு மூணு சீட் பெல்ட் பட்டைய இழுத்து கட்டுங்க, கயித்துக் கட்டில் மாதிரி துணி அது மேல உக்காரும். எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு மலிவா இவ்வளவு பலன் தர்ற வேலை இந்த ஹூட்ல வேற எதுவும் இல்ல. பழைய வண்டி உடைக்கிற கடையில பெல்ட் பட்டை கிடைக்கும்.

கம்பி மேலயே தண்ணி நின்னா கம்பி தட்டையா வளைஞ்சிருக்கு, மேல் வளைவு பத்தல. நடு கம்பிய ரெண்டு இஞ்ச் உயர்த்தணும். தற்காலிகமா கம்பி மேல பழைய தோட்டத்து ஹோஸ் பைப்ப கீறி மாட்டி உயர்த்தலாம், அது துணி தேயறதையும் தடுக்கும், ஆனா அது ஒரு சீசனுக்குத்தான்.

தண்ணிக் குழாய் பிவிசி பைப்ல கம்பி போட்டிருந்தா அதுக்கு மேல எந்த வைத்தியமும் பண்ணாதீங்க. வெயில்ல தொய்யும், குளிர்ல உடையும், உடைஞ்சா முனை கத்தி மாதிரி இருக்கும். ஜிஐ பைப்புக்கு மாத்திடுங்க.

வெல்டிங் பட்டறைக்கு எப்ப போகணும்னா, கம்பி பாடியில சொருகற குழல் ஆடினாலோ, அடியில விரிசல் தெரிஞ்சாலோ. அது ஆடிக்கிட்டே இருந்தா மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ள கழண்டு வரும். வெல்டிங் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி ஒயர கழட்ட சொல்லுங்க, துணியும் பெட்ரோல் கேனும் பக்கத்துல இருக்கக்கூடாது.

## தையல் வழியா வரிசையா முத்து முத்தா நிக்குது

எந்த துணின்னு முதல்ல பாருங்க, ஏன்னா மருந்து துணிக்கு துணி மாறும்.

பருத்தி கேன்வாஸா இருந்தா முதல் மழைக்கு பயப்படாதீங்க. நூல் நனைஞ்சு உப்பி ஊசி ஓட்டைய அதுவே மூடிக்கும், ரெண்டு மூணு தடவை நனைஞ்சு காஞ்ச பிறகுதான் தீர்ப்பு சொல்லணும். அப்பவும் வந்தா தேன் மெழுகு. கோத்தகிரி கடைகள்லயே கிடைக்கும். மெழுக தையல் மேல ரெண்டு பக்கமும் நல்லா தேய்ச்சு, ஹேர் ட்ரையர்ல லேசா சூடு காட்டினா உருகி நூலுக்குள்ள இறங்கிடும். ஹேர் ட்ரையர் இல்லன்னா ஒரு துணிய மேல போட்டு இஸ்திரிப் பெட்டிய மிதமான சூட்ல ஓட்டுங்க. நெருப்பு காட்டவே கூடாது.

பிவிசி பூசின லாரி தார்ப்பாயா இருந்தா ஊசி ஓட்டை தானா மூடாது. தையல் மேல அதே தார்ப்பாய்ல ஒரு இஞ்ச் பட்டை வெட்டி ஒட்டணும். பசைதான் இங்க பிரச்சனை, சாதாரண ரப்பர் பசை ஒட்டின மாதிரி இருக்கும், கொஞ்ச மாசத்துல கொழகொழன்னு ஆகி உரிஞ்சு வரும். ஷூ சோல் ஒட்டறவங்க வச்சிருக்கற பியு (பாலியூரித்தேன்) பசை கேட்டு வாங்குங்க. ஒட்டற இடத்த ஸ்பிரிட் போட்டு துடைச்சு, ரெண்டு பக்கமும் பூசி, கை வச்சா ஒட்டாத அளவுக்கு காஞ்ச பிறகு அழுத்தணும். சிலிக்கான் போட்டுடாதீங்க, அது தார்ப்பாய்ல சரியா பிடிக்காது, ஒரு தடவை போட்டா அப்புறம் எந்த பசையும் அந்த இடத்துல ஒட்டாது.

நீலமோ மஞ்சளோ பளபளன்னு இருக்கற லேசான பிளாஸ்டிக் தார்ப்பாயா இருந்தா, அதுல எந்த பசையும் உருப்படியா நிக்காது. அந்த துணிய தைக்காம முழுத் துண்டா மேல போட்டு ஓரத்துல மட்டும் கட்டுங்க, அவசரத்துக்கு ஓடும். வெயில்லயும் காத்துலயும் சீக்கிரம் நார் நாரா போயிடும்ங்கறத மனசுல வச்சுக்கோங்க.

நூல் அத்துப்போயிருந்தா பருத்தி நூல்ல தச்சிருப்பீங்க, பாலியெஸ்டர் நூல் போடணும். மறுபடியும் தைக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் ஒரு தடவை பிரிஞ்ச இடத்துலயே நாலு வரிசை நெருக்கமா தச்சு எடுத்துக்கிட்டு வண்டி சீட் தைக்கிற குஷன் கடைக்கு ஐலெட் அடிக்க போனேன், அந்த அண்ணன் அதை வெளிச்சத்துல பிடிச்சு பார்த்துட்டு, "தம்பி, ஓட்டை பக்கத்துலயே ஓட்டை போட்டுட்டே போனா தபால்தலை மாதிரி கோடு போட்டு கிழியும், தையல அள்ளி அள்ளி போடக்கூடாது, எட்டி எட்டி போடணும்"னாரு. அவர் சொன்ன மாதிரியே அடுத்த மாசம் அந்த கோட்டுலயே கிழிஞ்சுது. ஒரு தையலுக்கு நாலஞ்சு மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும், பழைய கோட்ட விட்டு தள்ளி தைங்க. வீட்டு மெஷின்ல மூணு மடிப்பு தார்ப்பாய் போகாது, ஊசி உடையும், அந்த மாதிரி இடம் வந்தாலே குஷன் கடைதான்.

## தையல் நல்லா இருக்கு, துணி முழுக்க உள்பக்கம் ஈரம்

விரலால துடைச்சுட்டு பாருங்க. திரும்பவும் ஒரே சீரா பனி மாதிரி வந்தா அது மழை இல்ல, நம்ம மூச்சும் ஈர சட்டையும் சேர்ந்து குளிர்ந்த துணியில படியற நீர். காத்து போக வழி விட்டா சரியாகும். கேன்வாஸா இருந்து, நீங்க விரல் வச்ச அதே இடத்துல மட்டும் சொட்ட ஆரம்பிச்சா அது வேற, நனைஞ்ச பருத்தி துணிய உள்ள இருந்து தொட்டா அந்த இடத்துல தண்ணி கசிஞ்சு உள்ள வரும், தலையும் மூட்டையும் துணியில படாம பாத்துக்கணும். மெழுகு பூச்சு போனதாலயும் இருக்கலாம், வெளிய ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, உருண்டு ஓடாம ஊறினா மறுபடியும் பூசணும்.

## படபடன்னு அடிக்குது, பலூன் மாதிரி ஊதுது

இது சத்தத்தோட நிக்கற பிரச்சனைன்னு நிறைய பேர் விட்டுடறாங்க. விடாதீங்க, ஒரு ஐலெட் பிஞ்சா அதோட பாரம் பக்கத்து ஐலெட்டுக்கு போகும், அப்புறம் வரிசையா பிச்சுக்கிட்டு வரும். வேகம் ரெண்டு மடங்கு ஆனா காத்தோட இழுப்பு நாலு மடங்கு ஆகும், அதனால 30ல சும்மா இருந்த ஹூட் 60ல கழண்டு பறக்கறதுல ஆச்சரியம் இல்ல.

சைடு திறந்திருக்கும்போது ஊதுது, மூடினா ஊதல: முன்னாடி சைடுல நுழையிற காத்து வெளிய போக வழி இல்லாம கூரைய தூக்குது. பின்படுதாவ அடியில ஒரு கை அளவு திறந்து விட்டா குறையும், ஆனா அதுல ஒரு ஆபத்து இருக்கு, கீழ புகை வாடைன்னு எழுதியிருக்கறத படிச்சுட்டு பண்ணுங்க.

எல்லாம் மூடியிருந்தும் அடிக்குது: கட்டு தளர்வு. வண்டி ஓட ஓட பட்டை தளரும், நான் மலை இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பாதி வழியில டீ குடிக்க நிக்கும்போது ஒரு தடவை கையால தட்டிப் பாப்பேன், மத்தளம் மாதிரி டங்குன்னு சத்தம் வரணும்.

ஐலெட் துணியோட பிஞ்சு வருது: ஒத்தைத் துணியில அடிச்சிருப்பீங்க. துணிய ரெண்டா மடிச்சு நடுவுல சீட் பெல்ட் துண்டு வச்சு மூணு அடுக்குல அடிங்க. ஐலெட்டுக்கும் கொக்கிக்கும் நடுவுல சைக்கிள் ட்யூப் வளையம் ஒண்ணு மாட்டினா குலுக்கல் எல்லாம் அதுல போயிடும், ஐலெட்டுக்கு ஆயுசு கூடும்.

முன் ஓரம் முழுசா தூக்குச்சுன்னா ஓட்டிக்கிட்டே ஒரு கையால பிடிக்க பாக்காதீங்க. வளைவு இல்லாத இடமா பாத்து ஓரங்கட்டி, ஹூட சுத்தமா கழட்டிட்டு நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு போங்க. எதிர்ல பஸ் வர்ற நேரத்துல துணி கண்ணாடிய மூடினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

## கண்ணாடி உள்பக்கம் பனி மூடிக்குது, ரோடு தெரியல

ஹூடு போட்ட முதல் நாளே இது வரும், ஏன்னா இவ்வளவு நாள் திறந்த வண்டி. ஈர மிதியடி, ஈர சாக்கு எல்லாத்தையும் பின்னாடி தூக்கி போடுங்க, டிரைவர் பக்க சைடு படுதாவ கொஞ்சம் திறங்க, மழைக்கு எதிர்ப்பக்கமா இருந்தா இன்னும் நல்லது. கிளம்பறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு துணியில தொட்டு கண்ணாடி உள்பக்கம் தேய்ச்சு, காஞ்ச துணியால தடம் தெரியாம துடைச்சுட்டா ஒரு பயணத்துக்கு தாங்கும். மூடுபனி நேரத்துல இது போதாது, வெளிய இருக்கறதும் பனி உள்ள இருக்கறதும் பனி, அப்ப நிறுத்திடறதுதான் சரி.

சைடு படுதாவுல கண்ணாடி ஷீட் (வெளிய தெரியிற பிளாஸ்டிக் ஷீட்) இல்லாம முழு தார்ப்பாய் போட்டவங்க டிரைவர் பக்கம் அதை சுருட்டி வச்சுட்டே ஓட்டுங்க. வளைவுல பக்கவாட்டு தெரியாம திரும்ப முடியாது. தோள் நனையட்டும், ரெயின்கோட் போட்டுக்கலாம்.

கண்ணாடி ஷீட் பால் மாதிரி வெளுத்து, மடிப்புல வெடிச்சா அது குளிர்ல மடிச்சதால. டிசம்பர், ஜனவரி உறைபனி காலத்துல காலையில அது அப்பளம் மாதிரி இருக்கும், வெயில் பட்டு இளகின பிறகுதான் சுருட்டணும், மடிக்கவே கூடாது. வெடிச்சதுக்கு மருந்து இல்ல, ஷீட்ட மாத்தணும்.

## புகை வாடை, தலைவலி, தூக்கம் தூக்கமா வருது

இதை தயவு செஞ்சு யாரும் தாண்டிப் போகாதீங்க. முன்னாடியும் சைடும் மூடி, பின்படுதா மட்டும் திறந்து ஓட்டினா வண்டி பின்னாடி காத்து சுழன்று சைலன்சர் புகைய உள்ள இழுக்கும். ஓப்பனா ஓட்டின வரைக்கும் சைலன்சர் எங்க ஓட்டை இருந்தாலும் நமக்கு தெரியாது, ஹூடு போட்ட பிறகு அதே ஓட்டை விஷம். பெட்ரோல் வண்டின்னா இன்னும் மோசம், அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தலை கனக்கும், குமட்டும், தூக்கம் வரும், அதை நாம மலை ஏறின களைப்புன்னு நினைச்சுக்குவோம்.

அப்படி தோணின உடனே வண்டிய நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணி, எல்லாரும் இறங்கி வெளிய நில்லுங்க. மயக்கம், குழப்பம் மாதிரி இருந்தா ஓட்டாதீங்க, 108க்கு கூப்பிடுங்க. உடம்பு சரியான பிறகு வண்டிய கவனிங்க. பின்படுதா திறக்கணும்னா முன் சைடும் திறந்திருக்கணும், இல்லன்னா பின்படுதாவ முழுசா மூடணும். சைலன்சர் குழாய் பாடிக்கு வெளிய வந்து முடியுதான்னு பாருங்க, அடியில கரி படிஞ்ச இடம் இருந்தா அங்கதான் ஒழுகுது. இது மெக்கானிக் வேலை, டின் சுத்தி கட்டி ஓட்டற வேலை இல்ல. மழைக்கு ஒதுங்கி நிக்கும்போது ஹூட மூடிக்கிட்டு இன்ஜின ஓட விட்டு உக்காராதீங்க, குளிருதுன்னு உள்ள கரி அடுப்பு வைக்கவே கூடாது.

## மேல ஒண்ணும் ஒழுகல, கால்கிட்ட குளம்

மிதியடிய தூக்கிட்டு தரைய பாருங்க. தண்ணி போற ஓட்டை மண்ணும் இலையும் அடைச்சு கிடக்கும், கம்பி விட்டு குத்தினா போயிடும். ஓட்டை சுத்தமா இருந்தும் நனைஞ்சா பெடல் பக்கத்து ஓட்டை, துரு பிடிச்ச தரை வழியா டயர் தண்ணிய மேல அடிக்குது. குட்டையில ஓட்டிப் பாருங்க, அப்ப மட்டும் நனைஞ்சா அதுதான். கை வச்சு அழுத்தினா தரை உள்வாங்குச்சுன்னா டிங்கர்கிட்ட போங்க.

## கருப்பு புள்ளி, பூஞ்சை வாடை

ஜூலையில நாலு நாள் வெயிலே வராது, ஈரத்தோட சுருட்டி வச்ச ஹூட் அஞ்சாம் நாள் திறந்தா நாத்தம் அடிக்கும். புள்ளி புதுசுன்னா காஞ்ச பிரஷ்ஷால தட்டிட்டு, சோப்பு தண்ணியில கழுவி, வினிகர் கலந்த தண்ணி ஒரு தடவை ஊத்தி அலசி காய வைங்க. பிளீச்சிங் பவுடர் போட்டா புள்ளி போகும், கூடவே நூலும் பூச்சும் போகும். கைய வச்சு இழுத்தா துணி சரக்குன்னு கிழிஞ்சா அது செத்துப்போச்சு, ஒட்டுப் போட்டு காசை வீணாக்காதீங்க, ஐலெட்டையும் பட்டையையும் வெட்டி எடுத்துட்டு புது துணி வாங்குங்க.

காய வைக்க வெயில் இல்லன்னா கொட்டகையில ரெண்டு கயிறு கட்டி, ஹூட கூடாரம் மாதிரி ரெண்டு பக்கமும் காத்து படற மாதிரி போடுங்க. எங்க வீட்ல விறகடுப்பு இருக்கற அறையில மேல் உத்தரத்துல தொங்க விடுவோம், அடுப்புல இருந்து எட்டியே. மறுநாள் காலையில தையல் மடிப்புக்குள்ள விரல விட்டுப் பாப்பேன், மேல் துணி காஞ்சிருந்தாலும் அந்த மடிப்புக்குள்ள ஈரம் நிக்கும், அது காஞ்ச பிறகுதான் பழைய வேட்டிய நடுவுல வச்சு சுருட்டுவேன்.